முதல் வெடி

கருங்காட்டு ஜமீனில் ஒண்டியப்பன் என்றொரு குடியானவன். அவனுடைய கடலைக்காட்டைப் பன்றிகள் உழுதுபோட்டன. இரண்டு ஆட்டை விற்று, முதல் துப்பாக்கி வாங்க டவுனுக்குக் கிளம்பியவனை, ஜமீன்தார் வழியிலேயே மறித்து அரண்மனைக்கு இழுத்துவரச் சொன்னார்.

“என் மண்ணுல இருக்கிறவனுக்கு டவுன் துப்பாக்கி எதுக்குடா? ஆடு வித்த காசை வெச்சுட்டு இதை வாங்கிக்கோ. இல்லேன்னா காட்டைக் காலி பண்ணு” என்று ஒரு பழைய துப்பாக்கியை நீட்டினார்.

ஒண்டியப்பன் குழலைத் தடவினான். அடியில் விரிசல், அரக்கு பூசி மறைத்திருந்தார்கள். சுட்டால் உயிர் போகும், குறை சொன்னால் நிலம் போகும். சபையே அவன் வாயைப் பார்த்தது.

காசை அவர் காலடியில் வைத்தான். “என் பாக்கியம் சாமி. முதல் வெடியை மட்டும் உங்க ராசியான கையால வெடிச்சுக் குடுத்துடுங்க.”

அரண்மனை வேட்டைக்காரன் குழலில் வெடிமருந்து கெட்டித்துக் கொடுத்தான். வாங்கிய ஜமீன்தாருக்கு நெற்றி வேர்த்தது. விரல் விசைப்பக்கம் போகவே இல்லை.

“எனக்குத் தோள்வலிடா” என்றார்.

“அப்பா, நான் சுடறேன்!” என்று மகன் பாய்ந்துவந்து துப்பாக்கியைப் பிடித்தான்.

“தொடாதேடா! வெடிச்சுச் சிதறிடும்!” என்று ஜமீன்தார் அலறிவிட்டார்.

அவர் மெதுவாக எழுந்து, சுவரில் மாட்டியிருந்த தன் சொந்தத் துப்பாக்கியைக் கழற்றி நீட்டினார். ஒண்டியப்பன் கையை நீட்டவில்லை.

“இதைச் சின்ன ராசா தொடலாங்களா, சாமி?”

“தொடலாம்” என்றார் ஜமீன்தார், தலையைத் தூக்காமல்.