மந்திரவாதி கேட்ட உறை

முன்னொரு காலத்திலே, மலைகள் பேசுவதை நிறுத்திவிட்டு மனிதர்கள் பேச ஆரம்பித்திருந்த காலத்திலே, செண்பகபுரி என்று ஒரு ராஜ்யம் இருந்தது. அதன் ராஜாவிடம் ஒரு கண்ணாடி ஏடு இருந்தது. இரண்டு உள்ளங்கையைச் சேர்த்துவைத்த அகலம்தான். விரலால் தொட்டால் உள்ளிருந்து வெளிச்சம் வரும். வெளிச்சத்துக்குள்ளிருந்து எழுத்து வரும். உலகத்தில் எத்தனை கதை உண்டோ அத்தனையும் அதற்குள் இருந்தன. அடேயப்பா! நினைத்தால் எனக்கு இப்போதும் உடம்பு சிலிர்க்கிறது. கீறல் விழுந்துவிடுமே என்று பயந்து, அதைச் சபையை விட்டு வெளியே கொண்டுபோகவே மாட்டார்கள்.

ஏட்டை வாசித்துக் காட்டுகிறவன் மருதன். சிரிப்பு வரும் இடத்தில் முதலில் அவனே சிரித்துவிடுவான். அவன் பெண்டாட்டி காத்தாயி தோல் வேலைக்காரி. வாளுக்கு உறை, கத்திக்கு உறை, யாழுக்கு உறை. வாசலில் வந்து "உறை" என்பார்கள்; அவள் தலை நிமிராமல் "என்ன அளவு?" என்பாள். அவளுக்கு அந்தச் சொல்லுக்கு அது ஒன்றுதான் அர்த்தம்.

ஒருநாள் காலையில், கஞ்சியில் உப்பில்லை என்று மருதன் சொல்லிவிட்டான். காத்தாயி அவனை முறைத்துச் சபைக்கு அனுப்பிவிட்டு, பிறகு ராஜாவின் வாளுக்குத் தைத்ததை எடுத்துக்கொண்டு அரண்மனைக்குப் போனாள். அவள் வாசலை மிதித்த நேரம், சபைக்குள் ஒரு சூறைக்காற்று புகுந்தது. காற்று அடங்கிய இடத்தில் ஏழு கடலுக்கு அப்பால் வாழும் மந்திரவாதி அண்டகோரன் நின்றான்.

"அந்த ஏட்டைக் கொடு!"

"அது ஊருக்கே பொது. உனக்கு மட்டும் எப்படித் தருவது?" என்றார் ராஜா.

அண்டகோரன் தன் இரண்டு காதுகளையும் பொத்திக்கொண்டு ஒரே ஒரு சொல் சொன்னான். "உறை!"

ராஜா உறைந்தார். மந்திரி உறைந்தார். குவளையில் ஊற்றிய தண்ணீர் பாதி வழியிலேயே நின்றது. ஜன்னலில் நுழைந்த புறா விரித்த சிறகோடு அந்தரத்தில் நின்றது. அத்தனை பெரிய சபையில் மூச்சுச் சத்தம்கூட இல்லை.

வாசலில் ஒரு குரல் மட்டும் கேட்டது. "என்ன அளவு, சாமி?"

மந்திரவாதி திடுக்கிட்டுத் திரும்பினான். காதைப் பொத்தினான். "உறை!"

"அதான் கேக்குறேன். வாளுக்கா, கத்திக்கா?"

மறுபடி காதைப் பொத்தினான். "உறை!"

"பூ வேலை வெச்சா, மொட்டையாவா?"

"அடச்சீ!" என்று அவன் தலையில் அடித்துக்கொண்டான். "நான் உயிர் கொடுத்த சொல் அது! இன்றைக்கு யார் சொன்னாலும், கேட்கிறவருக்கு என்ன அர்த்தமோ அப்படியே பலிக்கும். உன்னிடம் போய் மாட்டிக்கொண்டேனே!"

அப்போதுதான் காத்தாயி மருதனைப் பார்த்தாள். சிரிக்க வாயைத் திறந்தவன் அப்படியே நின்றிருந்தான். கன்னத்தைத் தொட்டாள். பச்சைத் தண்ணீராய்ச் சில்லிட்டது. காலையில் முறைத்த முறைப்பு அவள் நெஞ்சை அறுத்தது. ஆனாலும் அவள் அழவில்லை. மந்திரவாதி ஒவ்வொரு தடவையும் காதைப் பொத்தியது அவள் நினைவுக்கு வந்தது.

"சாமி, இதை ஏழு கடல் தாண்டி எப்படிக் கொண்டுபோவீங்க? வேட்டியில சுத்தியா? ஒரு கீறல் விழுந்தாப் போச்சே!"

ஏட்டைக் கையில் எடுத்திருந்த அண்டகோரன் அதை மார்போடு அணைத்துக்கொண்டான். "என்ன செய்யலாம்?"

"அழகா ஒண்ணு தைச்சுத் தர்றேன்" என்றாள். அந்தச் சொல்லை மட்டும் பல்லுக்குள்ளேயே வைத்துக்கொண்டாள்.

ஆவாரம்பட்டையில் பதப்படுத்திய ஆட்டுத்தோலை வீட்டிலிருந்து கொண்டுவந்து நனைத்தாள். சிற்றுளியால் மயில் செதுக்கினாள், மான் செதுக்கினாள், ஓரமெங்கும் கடல் அலை செதுக்கினாள். மயிலின் கண்ணிலும் மானின் புள்ளியிலும் அலையின் நுரையிலும் ஊசித் துளை போட்டாள். காய்ந்ததும் ஏட்டை வாங்கி உள்ளே பொருத்தித் திறந்தாள். ஐயோ, என்னவென்று சொல்வேன்! துளைகளின் வழியே வெளிச்சம் பாய்ந்து, கூரை முழுக்க மயில் தோகை விரித்தது. சுவரெல்லாம் மான் துள்ளியது. தரையில் கடல் புரண்டது. மூடினாள், ஏடு கண்மூடித் தூங்கியது. திறந்தாள், விழித்தது.

கல்நெஞ்சக்காரனான மந்திரவாதிக்கே கண் கலங்கிவிட்டது. "கொடு, கொடு!" என்று இரண்டு கைகளையும் நீட்டினான்.

காத்தாயி நீட்டிய கைகளில் அதை வைத்தாள். "இந்தாங்க சாமி... உறை!"

அண்டகோரனுக்கு அந்தச் சொல்லுக்கு ஒரே ஒரு அர்த்தம்தான். நீட்டிய கை நீட்டியபடி உறைந்தே போனான்.

மந்திரம் போட்டவன் உறைந்ததும் அவன் போட்ட மந்திரம் உருகியது. தண்ணீர் குவளையில் விழுந்தது. புறா சபையைச் சுற்றிப் பறந்தது. மருதன் விட்ட இடத்திலிருந்து சிரித்து முடித்துவிட்டு, "நீ எப்ப வந்தே புள்ள?" என்றான். காத்தாயி அத்தனை பேர் முன்னாலும் அவன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"என்ன பரிசு வேண்டும், கேள்!" என்றார் ராஜா.

"இனிமே கீறல் விழாதுங்க மகாராஜா. ஏட்டைத் தெருத்தெருவா அனுப்புங்க. எல்லாரும் படிக்கட்டும்."

அப்படியே ஆயிற்று. ஏடு தெருத்தெருவாகப் போயிற்று, மயிலும் மானும் கடலும் வீட்டுக்கு வீடு வந்தன. மந்திரவாதியைத் தூக்கிக் கோட்டை வாசலில் நிறுத்திவிட்டார்கள்; அவன் இன்னும் கையை நீட்டிக்கொண்டு நிற்கிறான். காத்தாயி ஈரத் தோலை அவன் கையில்தான் காயப்போடுகிறாள். அன்று சாயங்காலம் அவள் வைத்த கஞ்சியில் உப்பு கொஞ்சம் தூக்கலாகவே இருந்தது. மருதன் வாயைத் திறக்காமல் இரண்டு கிண்ணம் குடித்தான்.