மரத்தூள் மதிப்பீட்டுக் குழு

வெள்ளந்திபுரத்தில் படித்தவர்கள் இல்லை என்று பக்கத்து ஊர்க்காரர்கள் சொல்வதுண்டு. அது பொய். நான் எம்.எஸ்ஸி. புள்ளியியல் படித்திருக்கிறேன். இனி நான் சொல்லப்போகும் எல்லாக் காரியங்களிலும் நானும் கூட இருந்தேன். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பாதியில் தெரியவந்தால் உங்களுக்குச் சங்கடமாக இருக்கும்.

எங்கள் ஊரில் ஒரு மர மில் உண்டு. தொழிலாளர் நலத்துக்கென்று ஒரு சின்ன அலுவலகமும் உண்டு. அலுவலகத்தில் நாங்கள் நான்கு பேர். தலைவர் கோமதிநாயகம் சார். மேலிடத்தின் வார்த்தையை அட்சரம் பிசகாமல் நிறைவேற்றுவதில் அவருக்கு இணை கிடையாது. அடுத்தவர் சேவியர் அண்ணன், எதையும் யோசித்துத்தான் சொல்வார். யோசிக்காமல் இருந்திருக்கலாம் என்று தோன்றும். மூன்றாமவர் பிச்சுமணி, கேள்வி கேட்பதற்கென்றே பிறந்தவர். நான்காவது நான், அல்லி. எனக்குக் கூச்சம் அதிகம். ஒரு விஷயத்தைச் சொல்லலாமா என்று நான் வாய் திறப்பதற்குள் அந்த விஷயம் நடந்து முடிந்துவிடும்.

ஒருநாள் தலைமை அலுவலகத்திலிருந்து டாக்டரம்மா ஒருவர் வந்தார்.

"மரத்தூளை வருஷக்கணக்கா சுவாசிச்சா மூக்குல புற்றுநோய் வரலாம். உங்க ஊர்ல எத்தனை பேருக்கு வேலை நேரத்துல மரத்தூள் படுதுன்னு பார்த்து மதிப்பிட்டு எழுதுங்க. தூளை உறிஞ்சுற மெஷின் ஒண்ணே ஒண்ணு இருக்கு. எந்த இடத்துல அதிகம் பேருக்குப் படுதோ அங்க வெச்சிடலாம்" என்றார். கிளம்பும்போது, "கண்ணால பார்த்ததை மட்டும் எழுதுங்க. ஒருத்தரையே ரெண்டு தடவை எண்ணிடாதீங்க" என்றும் சொன்னார்.

"எந்தக் கண்ணால மேடம்?" என்று கேட்டார் பிச்சுமணி. "எனக்கு வலது கண்ணுல புரை."

டாக்டரம்மா, "இடது கண்ணால பாருங்க" என்று சொல்லிக் காரில் ஏறினார். அன்றிலிருந்து பிச்சுமணி வலது கண்ணைக் கையால் மூடிக்கொண்டுதான் அலுவல் பார்த்தார்.

இந்த மெஷினுக்காகக் காத்திருந்தவர்களில் பூரணத்தக்காவும் ஒருவர். மில்லில் தூள் கூட்டுகிற வேலை அவருடையது. நாங்கள் போய் இறங்கியதும் துடைப்பத்தைப் போட்டுவிட்டு ஓடி வந்தார்.

"ஆஸ்பத்திரியில சொல்லிட்டாங்க சார். ஒண்ணு தூள் போகணும், இல்லாட்டி நான் வேலையை விட்டுப் போகணுமாம். தூள் இருக்கிற பக்கமே தலை வெச்சுப் படுக்கக் கூடாதாம். எனக்கு இந்த வேலையை விட்டா வேற நாதி இல்ல. மெஷின் வந்துடும்ல?"

"எங்க வேலை எண்ணுறது. மெஷின் தானா வரும்" என்றார் கோமதிநாயகம் சார்.

மரம் அறுக்கிற பெரிய வாள் ஓட ஆரம்பித்தது. மில் முழுக்கப் பழுப்பு நிறத்தில் புகை மாதிரி தூள் எழும்பியது. நாங்கள் நடுவில் போய் நின்றுகொண்டோம். ஓரமாக நின்று பார்த்தால் அது ஓரப்பார்வை ஆகிவிடும் என்பது சேவியர் அண்ணனின் கருத்து.

"எத்தனை பேர் தெரியுறாங்க?" என்று கேட்டது கோமதிநாயகம் சாரின் குரல்.

"ஒருத்தரும் தெரியல சார்" என்றது பிச்சுமணியின் குரல்.

"சத்தம் கேட்குதே."

"சத்தம் காதால கேட்குறது சார். கண்ணால பார்த்ததைத்தான் எழுதச் சொல்லியிருக்காங்க."

கோமதிநாயகம் சார் அதை ஒப்புக்கொண்டார். தூள் உண்டு, ஆள் இல்லை என்று குறித்துக்கொண்டோம்.

சற்று நேரத்தில் கரண்ட் போயிற்று. வாள் நின்றது. தூள் மெல்ல மெல்லத் தரையில் இறங்கியது. இப்போது ஆட்கள் நன்றாகத் தெரிந்தார்கள். ஆனால் காற்றில் தூள் இல்லை. ஆள் உண்டு, தூள் இல்லை என்று குறித்துக்கொண்டோம்.

"விசித்திரமான மில்லா இருக்கே" என்றார் சேவியர் அண்ணன், நெடுநேர யோசனைக்குப் பிறகு. "தூள் இருக்கும்போது ஆள் இல்ல. ஆள் இருக்கும்போது தூள் இல்ல. ரெண்டும் ஒண்ணை ஒண்ணு பார்த்ததே கிடையாது போல. அப்புறம் எப்படி ஒண்ணால இன்னொண்ணுக்குக் கெடுதல் வரும்?"

மில் மேஸ்திரி சுடலைமுத்து இதைக் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் தலையிலிருந்து கால்வரை மாவில் புரட்டி எடுத்த பலகாரம் போல இருந்தார். "அப்ப என் மேல இருக்கிறது என்ன சார்?" என்றார்.

அதுவும் நியாயமான கேள்விதான். சரி, உடம்பில் தூள் படிந்திருக்கிறவர்களையாவது எண்ணலாம் என்று எண்ண ஆரம்பித்தோம். அங்கே வேறு தொல்லை வந்தது. தூள் பூசியிருந்ததில் எல்லோரும் ஒரே அச்சாக இருந்தார்கள். பிச்சுமணி மேஸ்திரியையே மூன்று தடவை எண்ணிவிட்டார். மூன்றாவது தடவை மேஸ்திரி, "நான்தாங்க, நான்தாங்க" என்று சொல்லியும் கேட்கவில்லை. "எல்லாரும் இதையேதான் சொல்றாங்க" என்று மேலே போய்விட்டார்.

இந்த இடத்தில்தான் என் படிப்பு உதவிக்கு வந்தது. வேலையில் சேர்ந்ததிலிருந்து நான் சொன்ன முதல் யோசனை இது. தொண்டையைச் செருமிக்கொண்டு, "எல்லாரையும் முகம் கழுவச் சொன்னா அடையாளம் தெரியும் சார்" என்றேன்.

எல்லோரும் என்னை மரியாதையோடு பார்த்தார்கள். "படிச்ச பிள்ளைன்னா படிச்ச பிள்ளைதான்" என்றார் கோமதிநாயகம் சார். எனக்குக் காது வரை சிவந்துவிட்டது.

மில்லுக்குப் பின்னால் மரம் ஊறப்போடுகிற தொட்டி இருந்தது. முகம் கழுவப் போனவர்கள், வெயிலுக்கு இதமாக இருக்கிறதென்று குளித்தே விட்டார்கள். தலை வாரி, வேட்டி மாற்றி, கல்யாண வீட்டுக்குக் கிளம்பியவர்கள் மாதிரி வரிசையாக வந்து நின்றார்கள். இப்போது ஒவ்வொருவரும் தனித்தனியாகத் தெரிந்தார்கள். பிச்சுமணி ஒரு தப்பும் இல்லாமல் எண்ணினார்.

"இதுல தூள் படிஞ்சவங்க எத்தனை பேர்?" என்று கேட்டார் கோமதிநாயகம் சார்.

பிச்சுமணி இடது கண்ணால் ஒவ்வொருவரையும் உற்றுப் பார்த்தார். "ஒருத்தரும் இல்ல சார். இவ்வளவு சுத்தமான தொழிலாளிங்களை நான் பார்த்ததே இல்ல."

பூரணத்தக்கா ஈரத் தலையோடு முன்னால் வந்தார். "என்ன சார் இது, இப்பதானே கழுவச் சொன்னீங்க. நாள் முழுக்க எங்க மேல கொட்டிக்கிட்டுதானே இருக்கு."

"நாள் முழுக்கன்னா?" என்றார் சேவியர் அண்ணன். "நடுவுல தண்ணி குடிக்கப் போவீங்களா?"

"போவேன்."

"தண்ணி குடிக்கிறப்ப மூச்சு விடுவீங்களா?"

"முழுங்கும்போது எப்படி விடுறது?"

"அப்ப நாள் முழுக்கன்னு சொல்ல முடியாது" என்றார் சேவியர் அண்ணன் வருத்தத்தோடு.

"உங்க நாலு பேரையும் கண்ணாடியில பாருங்க சார்" என்றார் பூரணத்தக்கா. "உங்க மேல இருக்கிற தூளை உதறினாலே ஒரு அடுப்பு எரியும்."

அவர் கோபத்தில்தான் சொன்னார். ஆனால் நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். உண்மைதான். நாங்கள் நான்கு பேரும் குளிக்கவில்லை; அலுவல் நேரத்தில் குளிக்க எங்களுக்கு அனுமதி இல்லை. கோமதிநாயகம் சாரின் மீசை, புருவம், பையில் வைத்திருந்த பேனா எல்லாம் பழுப்பு. என் மூக்குக் கண்ணாடியில் விரலால் கோலம் போடலாம். தூளும் இருந்தது, ஆளும் இருந்தது, கண்ணாலும் தெரிந்தது.

கோமதிநாயகம் சாரின் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. "அகப்பட்டுட்டாங்க" என்றார்.

இப்படியாக எங்கள் அறிக்கை தயாராயிற்று. ஊரில் வேலை நேரத்தில் மரத்தூள் படுகிறவர்கள் நான்கு பேர். நால்வரும் தொழிலாளர் நல அலுவலகத்தைச் சேர்ந்தவர்கள். மில்லில் ஒருவரும் இல்லை.

எனக்கு உள்ளுக்குள் எதுவோ உறுத்தியது. கல்லூரியில் சொல்லிக்கொடுத்தபடி இல்லையே என்று தோன்றியது. யோசித்துப் பார்த்ததில் பிழைவரம்பு விட்டுப்போனது தெரிந்தது. "மதிப்பீடுன்னா, ஒண்ணு கூடவோ குறையவோ இருக்கலாம்னு போடணும் சார்" என்றேன். அது என் இரண்டாவது யோசனை.

கோமதிநாயகம் சார் பேனாவை மூடி வைத்தார்.

"குறையலாம்னா, யாரு குறைவாங்க?" என்று கேட்டார் பிச்சுமணி.

"எனக்குப் பிள்ளைகள் படிக்குது" என்றார் சேவியர் அண்ணன் அவசரமாக.

"எனக்கு ரிட்டயர்மெண்ட் வரைக்கும் இருந்தாகணும்" என்றார் கோமதிநாயகம் சார்.

மூன்று பேரும் என் பக்கம் திரும்பினார்கள். கடைசியாகச் சேர்ந்தவள் நான்தான். யோசனை சொன்னவளும் நான்தான். "அல்லி, நீ ஒண்ணும் மனசுல வெச்சுக்காதம்மா. புள்ளியியல்படிதான் போறே" என்று ஆறுதல் சொன்னார் கோமதிநாயகம் சார். கூடுதலாக வரப்போகும் அந்த ஒருவர் யார், அவருக்கு நாற்காலி எங்கே போடுவது என்ற விவாதம் மாலை வரை நடந்தது. என் நாற்காலியையே போடலாம் என்று முடிவானது.

நல்ல வேளையாக, தலைமை அலுவலகத்தில் யாரும் பிழைவரம்பைப் படிக்கவில்லை. அறிக்கையையும் படித்தார்களா என்பது சந்தேகம். எந்த இடத்தில் அதிகம் என்பதை மட்டும் பார்த்துவிட்டு மெஷினை அனுப்பிவிட்டார்கள். யானைத் தும்பிக்கை மாதிரி குழாயோடு அது எங்கள் அலுவலகத்தில் வந்து இறங்கியது. மில்லுக்குப் போகும் வழியில் லாரி எங்கள் வாசலில் நின்றுவிட்டதாக நினைத்து, பூரணத்தக்கா அதன் பின்னாலேயே ஓடி வந்திருந்தார். ஆட்கள் அதை எங்கள் ஜன்னலோரம் பொருத்துவதைப் பார்த்தபடி வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"அப்ப நான் நாளையிலிருந்து வேலைக்குப் போக வேண்டாம்" என்றார், யாரிடமும் இல்லாமல்.

எனக்கு ஏதாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. வாய் திறந்தேன். அதற்குள் மெஷினைப் போட்டுப் பார்த்தார்கள். அந்த இரைச்சலில் நான் சொன்னது எனக்கே கேட்கவில்லை.

அடுத்த வாரம் தலைமை அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. மெஷின் சும்மா நிற்கக் கூடாது. எவ்வளவு தூள் உறிஞ்சியது என்று பார்க்க அதிகாரி வருவார். சும்மா நின்றால் பொறுப்பாளர் பதில் சொல்ல வேண்டும். கோமதிநாயகம் சாருக்கு வியர்த்துவிட்டது. மெஷினைத் திறந்து பார்த்தோம். உள்ளே இருந்தது சேவியர் அண்ணனின் கைக்குட்டை மட்டுமே.

"மெஷின் இருக்கு, தூள் இல்ல. தூள் மில்லுல இருக்கு" என்றார் கோமதிநாயகம் சார்.

"மெஷினை மில்லுக்குக் கொண்டுபோயிடலாமா சார்?" என்று கேட்டேன். என்னையறியாமல் வந்துவிட்டது.

மூவரும் என்னை இரக்கத்தோடு பார்த்தார்கள். "மேலிடம் இங்கதானேம்மா வைக்கச் சொல்லியிருக்கு. தூளைத்தான் இங்க கொண்டுவரணும்" என்றார் சேவியர் அண்ணன்.

உடனே மில்லுக்கு உத்தரவு போயிற்று. மில்லில் உண்டாகும் மரத்தூள் முழுவதும் இன்றிலிருந்து அலுவலகத்துக்குச் சொந்தம். அதில் ஒரு சிட்டிகை காற்றில் பறந்தாலும் அரசுச் சொத்தை வீணடித்ததாக வழக்குப் போடப்படும். மேஸ்திரி சுடலைமுத்து வழக்கு என்றால் நடுங்குகிறவர். அன்றைக்கே வாளைச் சுற்றித் தகரக் கூண்டு அடித்து, அடியில் குழாய் வைத்து, குழாயின் வாயில் சாக்கைக் கட்டிவிட்டார். தூள் நேராகச் சாக்குக்குள் விழுந்தது. மில்லுக்குள் இந்தக் கோடியில் நின்றால் அந்தக் கோடி தெரிந்தது. வேலையை விட்டு நின்றிருந்த பூரணத்தக்காவும் திரும்பி வந்தார். கூட்டுவதற்கு ஒன்றும் இல்லாததால், சாக்கை இறுகக் கட்டி வண்டியில் ஏற்றி எங்களிடம் சேர்ப்பது அவருடைய வேலை ஆயிற்று. இருமல் குறைந்துவிட்டது என்று அவரே சொன்னார்.

ஆனால் அவர் அலுவலகத்துக்குள் வர மாட்டார். வாசலிலேயே சாக்கை வைத்துவிட்டு, முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொள்வார்.

"உள்ள வாங்கக்கா" என்பேன்.

"வேண்டாம் கண்ணு. தூள் இருக்கிற இடத்துக்குப் போகக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்கார்."

உள்ளே தூள் இருந்தது உண்மைதான். தூள் தரையில் கிடந்தால் அது குப்பை, காற்றில் பறந்தால்தான் அது தூள் என்று கோமதிநாயகம் சார் கண்டுபிடித்திருந்தார். அதனால் பிச்சுமணி ஸ்டூலில் ஏறி, ஓடுகிற மின்விசிறிக்கு நேர்கீழே சாக்கைக் கவிழ்ப்பார். மெஷின் தன்னால் முடிந்ததை உறிஞ்சும். மீதியை நாங்கள் நான்கு பேரும் பார்த்துக்கொள்வோம்.

எல்லாம் ஒழுங்காக நடந்துகொண்டிருந்தபோதுதான் மழைக்காலம் வந்தது. ஈர மரத்தை அறுத்தால் தூள் நனைந்து குழாயிலேயே ஒட்டிக்கொள்ளும். சாக்கு அரைகுறையாக வந்தது, பிறகு வரவே இல்லை. அதிகாரி வருகிற நாளோ நெருங்கிவிட்டது. மெஷினைச் சும்மா நிறுத்தக் கூடாதே என்று கோமதிநாயகம் சார் நாலா பக்கமும் பார்த்தார். அலுவலகத்தில் நல்ல காய்ந்த தேக்கில் செய்த சாமான்கள் இருந்தன.

முதலில் அலமாரியை அறுத்தோம். பிறகு பெஞ்சு. பிறகு கோமதிநாயகம் சாரின் பெயர்ப்பலகை. அவர் தியாகத்துக்குத் தயங்காதவர். மேசைகளில் எதை முதலில் அறுப்பது என்று வந்தபோது, யாருக்காவது ஆட்சேபணை உண்டா என்று முறைப்படி கேட்டார். நான் வாய் திறந்தேன். அதற்குள் ரம்பம் இழுக்கத் தொடங்கிவிட்டார்கள்.

இதை நான் நின்றுகொண்டுதான் எழுதுகிறேன். மெஷின் நன்றாக ஓடுகிறது. அதிகாரி நேற்று வந்து பார்த்துவிட்டு, இவ்வளவு தூளில் வேலை செய்கிற அலுவலகத்தை நான் எங்குமே கண்டதில்லை என்று எங்களைப் பாராட்டி, நாற்காலியைத் தேடினார். கிடைக்காததால் ஜன்னல் கட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே இன்னொரு மெஷினுக்கு உத்தரவு எழுதிக் கொடுத்தார். அவர் எப்போது கையை எடுப்பார் என்று ரம்பத்தோடு காத்துக்கொண்டிருந்தோம்.