துருப்பிடித்த கோழிகள்

கரட்டுப்பாளையத்தில் சென்னியப்பன், ஆறுச்சாமி, நாச்சிமுத்து என்று மூன்று அண்ணன் தம்பிகள். சொன்னதைச் சொன்னபடி செய்வதில் இவர்களை அடித்துக்கொள்ள ஆளே கிடையாது. அதற்கு மேல் ஒரு இம்மி யோசிக்கச் சொன்னால்தான் வம்பு. மூன்று பேருக்கும் மூன்று வேளையும் சோறு போடுகிற புண்ணியவதி அவர்களுடைய அக்கா வேலாத்தாள்.

பிரசவமான மகளைப் பார்க்கக் கிளம்பிய அக்கா, கோழிக் கொட்டாயைக் காட்டிச் சொன்னாள்: "கோழி மேல ஒரு கண்ணு இருக்கட்டும். நாளைக்குச் சாயங்காலம் நான் வரும்போது கொட்டாய்க்குள்ள ஒண்ணு செத்துக் கிடந்தாலும் உங்களுக்கு இந்த வீட்டுல சோறு இல்லை, ஆமா!"

பஸ் மறைந்ததும் மூவரும் கூடிப் பேசினார்கள்.

"ஒரு கண்ணுன்னு சொல்லியிருக்குது. நம்மகிட்ட ஆறு இருக்குதே?" என்றான் ஆறுச்சாமி.

"நாச்சிமுத்தோட இடது கண்ணு போதும்," என்று தீர்ப்புச் சொன்னான் மூத்தவன் சென்னியப்பன். மற்ற ஐந்து கண்களையும் இறுக்கி மூடிக்கொண்டார்கள். கொட்டாய்க்குள் போவதற்குள் சென்னியப்பன் தண்ணீர்த் தொட்டியில் விழுந்தான். ஆறுச்சாமி அவன் மேல் விழுந்தான்.

பாவம், அந்த ஒற்றைக் கண்தான் விஷயத்தைக் கண்டுபிடித்தது. கோழிகள் சோர்ந்து உட்கார்ந்திருந்தன. எல்லாவற்றுக்கும் கழிச்சல். சோறு போய்விடுமே என்ற பயத்தில் மூவரும் ஒரு கோழியைத் தூக்கிக்கொண்டு கால்நடை டாக்டரம்மாவிடம் ஓடினார்கள்.

டாக்டரம்மா பொறுமைசாலி. எளிமையாகவே சொன்னார்: "வெயிலுக்குக் குடல் கெட்டுப்போயிருக்கு. இரும்பு துருப்பிடிக்குதில்ல, அந்த மாதிரி உடம்புக்குள்ளயும் நடக்கும். முருங்கையிலை, மஞ்சள், நெல்லிக்காயில அதைத் தடுக்கிற சத்து இருக்கு. அரைச்சுக் கொஞ்சமா தீனியில கலந்து குடுங்க. குடல் தேறிடும்."

திரும்பி வரும் வழியெல்லாம் ஒரே விவாதம்.

"அண்ணா, கோழி இரும்புலயா செஞ்சிருக்குது?"

"இல்லாமயா துருப்பிடிக்கும்? செவலைக் கோழியப் பாரு, உள்ள புடிச்ச துரு வெளிய வரைக்கும் வந்துருச்சு."

"அப்ப வெள்ளைக் கோழி?"

"அதுக்குப் பெயிண்ட் அடிச்சிருக்குது."

இது எல்லோருக்கும் நியாயமாகப் பட்டது. ஆறுச்சாமி துருவைச் சுரண்ட உப்புத்தாள் வாங்கி வந்து ஒரு செவலைக் கோழியின் முதுகைத் தேய்க்கப் போனான். கோழி அவன் மூக்கில் ஒரு கொத்துக் கொத்தியது. பிறகு யாரும் உப்புத்தாள் பேச்சை எடுக்கவில்லை.

முருங்கையிலையும் மஞ்சளும் நெல்லிக்காயும் ஒரு அண்டா நிறைய அரைத்தாகிவிட்டது. அப்போது நாச்சிமுத்துவுக்கு வாழ்க்கையிலேயே முதல் முறையாக ஒரு யோசனை வந்தது.

"அண்ணா, புது மருந்து. கோழிக்கு ஒத்துக்காமப் போச்சுன்னா சோறு போச்சு. முதல்ல நம்ம மொபெட்டுக்குக் குடுத்துப் பாப்போம். அதுலதான் துரு நெறைய இருக்குது."

தம்பியின் புத்தியை நினைத்து சென்னியப்பனுக்குக் கண்ணே கலங்கிவிட்டது. வெயில் படாமலிருக்க மொபெட்டைக் கோழிக் கொட்டாய்க்குள் தள்ளிக்கொண்டு போய், ஹேண்டில் முதல் பின்சக்கரம் வரை விழுதை அப்பினார்கள்.

"டாக்டரம்மா குடலுக்குன்னுதானே சொன்னாங்க?" என்று ஞாபகப்படுத்தினான் ஆறுச்சாமி. அதனால் மிச்சத்தைத் தீனியில் கலந்து பெட்ரோல் டேங்கில் ஊற்றினார்கள். களைத்துப்போய் வேப்பமரத்தடியில் படுத்துத் தூங்கினார்கள்.

அவர்கள் குறட்டை விட்ட நேரத்தில் கோழிகள் மொபெட்டைச் சூழ்ந்துகொண்டு அப்பியிருந்ததை ஒரு பொட்டு விடாமல் கொத்தித் தின்றன.

மறுநாள் கழிச்சல் நின்றிருந்தது. கோழிகள் துள்ளி ஓடின. சேவல் கூரை அதிரக் கூவியது. மூவருக்கும் சந்தோஷம் தாங்கவில்லை.

"மருந்தே குடுக்கலியே, எப்படித் தேறுச்சு?"

"மொபெட்டுக்குக் குடுத்ததப் பார்த்துப் பயந்து தேறியிருக்கும்."

நாச்சிமுத்து மொபெட்டை மிதித்துப் பார்த்தான். சத்தமே இல்லை. அடியில் பச்சையாகச் சொட்டிக்கொண்டிருந்தது. மூவரும் ஆடிப்போனார்கள்.

"அண்ணா, கொட்டாய்க்குள்ள ஒண்ணு செத்துக் கிடந்தாலும் சோறு இல்லைன்னுதானே அக்கா சொல்லுச்சு?"

"வாயக் கழுவுடா! இன்னும் சொட்டுது, உசுரு இருக்குது. புடி, தூக்கு!"

மாட்டுவண்டியில் வைக்கோல் பரப்பி, மொபெட்டைப் படுக்க வைத்து, மேலே துண்டைப் போர்த்தி, டாக்டரம்மாவிடம் கொண்டுபோய் இறக்கினார்கள்.

"மத்த கோழியெல்லாம் தேறிருச்சுங்க டாக்டரம்மா," என்று கும்பிட்டான் சென்னியப்பன். "இது ஒண்ணுதானுங்க நேத்துலேருந்து பச்சையாக் கழியுது. சாயங்காலம் அக்கா வந்துரும். எப்படியாவது காப்பாத்திக் குடுங்க."

டாக்டரம்மா துண்டை விலக்கினார்.

"இதை மெக்கானிக்கிட்ட கொண்டுபோங்க," என்றார்.

மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"கொண்டுபோலாமுங்க," என்றான் சென்னியப்பன். "ஆனா அவருக்குக் கோழியப் பத்தி ஒண்ணுமே தெரியாதுங்களே!"