செவலைக்குக் கொடுத்த பழம்

ஏழாற்றூர்ச் சீமையை மருதவேந்தன் என்றொரு ராஜா ஆண்ட காலம் அது. நல்ல ராஜாதான். ஆனால் அவர் மனசு எந்த நேரம் எந்தப் பக்கம் சாயும் என்று அவருக்கே தெரியாது. காலையில் மாலை போட்டு வரவேற்றவனைச் சாயங்காலம் ஊரைவிட்டே விரட்டுவார். அப்படிப்பட்டவரிடம் பேசிச் சமாளிக்கத் தெரிந்தவர் மந்திரி கூத்தபிரான் ஒருவர்தான். அதனாலேயே அரண்மனை அதிகாரி திருமேனியாருக்கு மந்திரியைக் கண்டால் வயிற்றெரிச்சல்.

ராஜாவுக்கு ஒரே பிள்ளை. சிறு வயதிலேயே காய்ச்சல் வந்து போய்ச் சேர்ந்துவிட்டான். அவன் வளர்த்த செவலை நாய் மட்டும் மிச்சம். பிள்ளையின் பெயரைச் சொன்னால் அது காதை நிமிர்த்தி வாசலைப் பார்க்கும். அதைக் காண்பதற்காகவே ராஜா தினமும் அதன் பக்கத்தில் உட்கார்ந்து அந்தப் பெயரைச் சொல்வார். தாம் தின்னும் பழத்தில் பாதியை அதற்கு ஊட்டுவார்.

ஒருநாள் செவலை வாந்தி எடுத்தது. தண்ணீரையும் தொடவில்லை. மூத்திரம் நின்றுபோயிற்று. வைத்தியர் கைவிரித்தார். ராஜாவின் மடியில் தலை வைத்தபடியே அது செத்துப்போனது.

அன்று சபையில் ராஜா அழவில்லை. கர்ஜித்தார். "என் பிள்ளை இரண்டாம் முறை செத்துவிட்டான்! யார் செய்தது?"

திருமேனியார் முந்திக்கொண்டார். "வேறு யார், மகாராஜா? நாய்களுக்குச் சோறு வைப்பவள் சடைச்சிதான். போன மாதம் கூலி குறைத்தோம் என்று முணுமுணுத்தாள். விஷம் வைத்துவிட்டாள்."

"வெட்டுங்கள் அவள் தலையை!"

கூத்தபிரான் எழுந்தார். "வெட்டிய தலையை ஒட்டவைக்க நம் வைத்தியருக்குத் தெரியாதே, மகாராஜா. நாளைவரை பொறுங்கள்."

"நாளை சபை கூடும்போது குற்றவாளியைக் காட்டும். இல்லாவிட்டால் அவள் தலையோடு உம் பதவியும் போகும்!"

மந்திரி அவளைப் பார்க்கச் சிறைக்குப் போனார். சடைச்சி சுவரோடு சுருண்டு கிடந்தாள்.

"செவலை என்ன தின்றது, தாயே?"

"எல்லா நாய்க்கும் ஒரே பானைச் சோறுதான் சாமி. மத்ததெல்லாம் நல்லாத்தானே இருக்கு?"

"செவலை மட்டும் தின்றது எதுவும் உண்டா?"

அவள் தலை குனிந்தாள். "மகாராசா கையால திங்கிறது" என்றாள்.

மந்திரிக்கு ஒன்று நினைவுக்கு வந்தது. அந்த வாரம் கடல் கடந்து வந்த குதிரை வியாபாரி காசிம் ராஜாவுக்குக் கூடை நிறையத் திராட்சை கொடுத்திருந்தான். அவனுடைய கூடாரத்துக்கு ஓடினார். விஷயத்தைக் கேட்டதும் காசிம் நெற்றியில் அடித்துக்கொண்டான்.

"ஐயோ! எங்கள் ஊரில் திராட்சைத் தோட்டத்துக்குள் நாயை விடவே மாட்டோம். எத்தனையோ நாய்கள் தின்று செத்திருக்கின்றன. காய்ந்த பழமும் ஆகாது. அவர் நாய்க்குக் கொடுப்பார் என்று எனக்கெப்படித் தெரியும்?"

திரும்பி வரும் வழியெல்லாம் கூத்தபிரான் யோசித்துக்கொண்டே நடந்தார். சொன்னால், பிள்ளையைப் பறிகொடுத்த மனிதர் நொறுங்கிப்போவார். சொல்லாவிட்டால், ஒரு பாவமும் அறியாதவள் சாவாள்.

மறுநாள் சபைக்கு அவர் ஒரு பழத்தட்டோடும் ராஜாவின் வேட்டை நாயோடும் வந்தார். நாயின் கயிற்றைத் தம் கையில் இறுகப் பிடித்திருந்தார். காசிம் பின்னால் நின்றான்.

"திருமேனியாரே, நாய்களைப் பற்றி உங்களுக்குத்தான் எல்லாம் தெரியுமே. மகாராஜாவின் நாய்க்கு உங்கள் கையால் ஒரு பழம் ஊட்டுங்களேன்."

திருமேனியார் தட்டைப் பார்த்தார். வாழைப்பழம், மாம்பழத் துண்டு, திராட்சைக் கொத்து. மந்திரி நினைத்தபடியே அவர் கை விலை உயர்ந்ததற்குத்தான் போயிற்று. "மகாராஜாவின் நாய்க்கு மட்டமானதையா கொடுப்பேன்?" என்று திராட்சையை நீட்டினார்.

மந்திரி பாய்ந்து அவர் கையைப் பிடித்தார். "கொலை! மகாராஜா, இவர் உங்கள் நாயைக் கொல்லப் பார்த்தார்! காசிம், சொல்!"

திராட்சை நாய்க்கு விஷம் என்று காசிம் சொன்னான். திருமேனியார் தரையில் விழுந்தார்.

"மகாராஜா! எனக்குத் தெரியாது! நல்லது என்று நினைத்துத்தானே கொடுக்கப் போனேன்? தெரியாமல், ஆசையாகக் கொடுத்தவனைக் கொலைகாரன் என்று சொல்லலாமா?"

"சொல்லக் கூடாதுதான்," என்றார் கூத்தபிரான். ராஜாவைப் பார்க்காமல் தரையைப் பார்த்தே சொன்னார்.

ராஜா தம் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அவன்... வாலை ஆட்டிக்கொண்டு வாங்கித் தின்றானே" என்றார். அவ்வளவுதான். அத்தனை பேர் முன்னாலும் விம்மி அழுதார்.

சடைச்சியை அழைத்துவரச் சொன்னார். சிம்மாசனத்தை விட்டு இறங்கிவந்து அவள் முன் கைகூப்பினார். அவளும் அழுதாள். செவலைக்காக அவள் அழுவதற்கு அதுவரை யாரும் இடம் கொடுக்கவில்லை. விசாரிக்காமல் பழி சொன்ன திருமேனியாரின் பதவியைப் பறித்து, நாய்க்கொட்டடியைக் கூட்டிப் பெருக்க ராஜா அனுப்பினார்.

"உமக்கு என்ன வேண்டும், மந்திரியாரே?" முத்துமாலையைக் கழற்றினார்.

"வேண்டாம், மகாராஜா. என்னிடம் முன்பே தனியாகச் சொல்லியிருக்கலாமே என்று நீங்கள் கேட்காமலிருந்தால் போதும்."

"சொல்லியிருந்தால் நேற்றே செத்திருப்பேன்," என்றார் ராஜா.

மாலையைச் சடைச்சிக்குக் கொடுத்தார். பிறகு வேட்டை நாயின் பக்கத்தில் உட்கார்ந்து, "இதற்கு எதைத்தான் கொடுக்கலாம்?" என்று கேட்டார்.

"வாழைப்பழம் தோலை உரித்து. மாம்பழம் என்றால் தோலும் கொட்டையும் இல்லாமல் சதை மட்டும். கொட்டை குடலை அடைத்துவிடும். எதுவானாலும் ஒரு துண்டு. தினமும் வேண்டாம்," என்றார் மந்திரி.

ராஜா வாழைப்பழத்தை உரித்துச் சின்னத் துண்டாகக் கிள்ளினார். தம் கையால் ஊட்டினார். சபை கலைந்த பிறகும் அவர் எழவில்லை. நாய் மூச்சு விடுவதையே பார்த்தபடி, இருட்டும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தார். அது அவர் முழங்கையை மூக்கால் இடித்து இன்னும் ஒரு துண்டு கேட்டது. அவர் அதன் தலையைத் தடவினார்; கொடுக்கவில்லை.