முழங்கால் மெத்தை

ஓர் ஊரில் ஒரு லுத்தரன் ஆலயம் இருந்தது. அதன் பீடத்துக்கு முன்னால் ஒரு சிவப்பு மெத்தை கிடந்தது. குருப்பட்டம் பெற வருகிறவர்கள் அதன்மேல்தான் முழங்காலிடுவார்கள்.

அன்று வரவேண்டியவள் நேசமலர். இறையியல் படித்துத் தேறியும் அவளைப் பல வருஷம் காக்க வைத்திருந்தார்கள். அவள் வாழ்க்கைத்துணையாக ஏற்றுக்கொண்டது எழில் என்ற பெண்ணை; அதுதான் காரணம். இப்போது பேராயர் சம்மதித்துவிட்டார். ஆனால் சபையார் எழுந்து நின்று "ஆதரிப்போம்" என்று சொன்னால்தான் அவள் தலைமேல் கை வைத்துப் பட்டம் கொடுப்பார். அது அங்கே வழக்கம்.

"யாரு எழுந்திரிக்கிறாங்கன்னு பாத்துடலாம்," என்றது முதல் பெஞ்சு. "எங்கிட்ட ஒரு ஆணி இருக்கு. எம்மேல உக்கார்ற சபை மூப்பரோட வேட்டியக் கவ்விப் பிடிச்சுக்குவேன். அவர் எழுந்திரிக்கலன்னா இந்தச் சபையில ஒரு கைக்குழந்தைகூட அசையாது."

"அவமேல உங்களுக்கு என்னண்ணே கோபம்?" என்று கேட்டது மெத்தை.

"கோபமா? உக்கார வைக்கிறதுதானே என் வேலை! உனக்கு மட்டும் என்ன அவமேல அவ்வளவு பாசம்?"

"எனக்கு எல்லா முழங்காலும் ஒண்ணுதாண்ணே. வந்தவங்க அத்தனை பேரும் நடுங்கத்தான் செஞ்சாங்க. நம்ம பேராயரும்தான்."

கடைசி பெஞ்சு களுக்கென்று சிரித்தது.

நேசமலர் வந்து முழங்காலிட்டாள். அப்படியொரு நடுக்கத்தை மெத்தை கண்டதேயில்லை. தன் பஞ்சையெல்லாம் திரட்டி அவளைத் தாங்கியது. நடுக்கம் நிற்கவில்லை.

"இவரை ஆதரிப்பீர்களா?" என்று பேராயர் கேட்டார்.

எழில் மட்டும் எழுந்து நின்றாள். வேறு யாரும் அசையவில்லை.

முதல் பெஞ்சிலிருந்த மூப்பர் ஞானாபரணம் தனியே நின்ற எழிலையே பார்த்தார். எழுந்திருக்கப் போனார். ஆணி இழுத்தது.

"உக்காருங்க, வேட்டி கிழிஞ்சிடும்," என்று அவர் மனைவி கிசுகிசுத்தார்.

"கிழிஞ்சா கிழியட்டும். முழங்கால் போட்டிருக்கிற அந்தப் பிள்ளைய நாம காக்க வெச்சது போதும்."

சர்ரென்ற சத்தத்தோடு மூப்பர் நிமிர்ந்தார். "ஆதரிப்போம்!"

சிரிப்பு பெஞ்சு பெஞ்சாகப் பின்னால் போனது. சிரித்தவர்கள் சிரித்தபடியே எழுந்தார்கள். "ஆதரிப்போம்!"

பேராயரின் கை அவள் தலைமேல் இறங்கியது.

"நடுக்கம் நின்னுடுச்சுண்ணே!" என்றது மெத்தை.

ஆணியில் வேட்டித் துணி தொங்க, முதல் பெஞ்சு முனகியது. "நீ தாங்கினதாலதான, பெரிய இவ!"

"நான் மொதல்லேருந்தே தாங்கிட்டுத்தாண்ணே இருந்தேன். உங்கமேல உக்காந்திருந்தவங்க எழுந்திரிச்ச பிறகுதான் நின்னுச்சு."