குடுவைக்குள் ஒரு நொடி

"மேடம், அப்படி ஒண்ணு இல்லவே இல்லன்னு எழுதிடட்டுமா?"

கேட்டவர் சூசைமாணிக்கம். வயது ஐம்பத்தொன்று. பள்ளிக்கூடத்தில் இருபத்தைந்து வருடம் வேதியியல் நடத்திவிட்டு, ஆசைப்பட்டு முனைவர் பட்டத்துக்கு வந்தவர். அவருடைய வழிகாட்டி ஜைனபுக்கு முப்பத்தாறு.

ஜைனப் டீ டம்ளரைக் கீழே வைத்தார்.

"எது இல்ல, சார்?"

"நடுவுல வர்றது. போட்ட பொருள் தெரியுது. கடைசியில கிடைச்சதும் தெரியுது. இது அதுவா மாறும்போது நடுவுல ஒண்ணு பிறந்து செத்திருக்கணும். மூணு வருஷமாத் தேடுறேன். கண்ணுல படல."

"எப்படித் தேடுனீங்க?"

"சுத்தமாத்தான். குடுவையில வேற ஒரு துளி விழ விட்டதில்ல."

வெள்ளிக்கிழமைக்குள் ஆய்வேட்டைக் கொடுத்தாக வேண்டும். பள்ளிக்கூடத்தில் வாங்கிய லீவும் அன்றோடு முடிகிறது.

"வாங்க."

ஆய்வகத்தில் சூசைமாணிக்கம் காலையிலேயே தயார் செய்து வைத்த குடுவை இருந்தது. ஜைனப் அலமாரியிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்தார். சைக்ளோஹெக்சீன். மூக்கைத் துளைக்கும் வாடை.

அப்படியே குடுவைக்குள் ஊற்றினார்.

"ஐயோ மேடம்! கெட்டுப்போச்சே!"

"இப்ப சூடு பண்ணுங்க."

பண்ணினார். மத்தியானம் சாப்பிடவும் போகவில்லை.

ஜைனப் தன் டிபன் பாக்ஸைத் திறந்து, மூடியில் பாதிச் சோற்றை வைத்து அவர் பக்கம் நகர்த்தினார். கொஞ்ச நேரம் முறைத்துக்கொண்டிருந்துவிட்டு, அவர் சாப்பிட்டார்.

சாயங்காலம், மூலக்கூறின் எடை சொல்லும் கருவியிலிருந்து தாள் வந்தது. இதுவரை ஒருநாளும் வராத ஒரு புதுப்பொருள். எடை இருநூற்றாறு.

சூசைமாணிக்கம் தாளின் ஓரத்திலேயே கழித்தார். ஜைனப் ஊற்றிய பொருளின் மூலக்கூறு எடை எண்பத்திரண்டு. அது போனால் நூற்றிருபத்துநான்கு.

பேனா நின்றுவிட்டது. அந்த நடுவில் வருவதற்கு அவரே கணக்குப் போட்டு வைத்திருந்த எடை அதுதான்.

"மேடம்... இது..."

"அதேதான். சாகப் போற போக்குல, நான் ஊத்துனதைக் கட்டிப் பிடிச்சுக்கிச்சு."

சூசைமாணிக்கம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி மாட்டிக்கொண்டார்.

"இத்தனை நாள் ஏன் மேடம் வரல?"

"தினமும் வந்துச்சு, சார். நீங்கதான் பக்கத்துல யாரையும் விடல."