ஒட்டாத முனை

“என் விரல் செத்துப்போச்சு டீச்சர்,” என்றாள் லூர்தம்மாள்.

டீச்சர் ஜெரினா அவளைவிடப் பதினாறு வயது இளையவள். திருச்சியில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கிற கடை. பார்வையில்லாதவர்களுக்குக் கீபோர்டில் பிரெயில் அடிக்கச் சொல்லிக்கொடுப்பதும் அதே கடையில்தான். ஆறு விரல், ஆறு சாவி, ஆறு புள்ளி. ஓர் எழுத்துக்கு எத்தனை புள்ளியோ, அத்தனை சாவியையும் ஒரே அழுத்தாக அழுத்த வேண்டும்.

லூர்தம்மாள் புது ஆபீசில் சேர்ந்து பத்து நாள். ‘ர’ அடித்தால் ‘ல’ விழுகிறதாம். ‘ர’வுக்கு நாலு புள்ளி. அதில் ஒன்று விட்டுப்போனால் ‘ல’. பேரூராட்சி ‘பேலூலாட்சி’ ஆகிவிட்டது. இன்னும் பால்பல் விழவில்லையா என்று பக்கத்து சீட்காரர் கேட்டாராம்.

இன்று மதியம் மறுபடி அடித்துக் காட்டும் சோதனை. தவறினால் வேலை இல்லை.

வேலைகூடப் போகட்டும் என்றாள். சர்க்கரை வந்து எட்டு வருஷம். விரல் மரத்துவிட்டால் அடிப்பது மட்டுமா போகும்? அவள் படிப்பதும் அந்த விரலால்தானே.

டாக்டரிடம் போகவில்லையா என்று ஜெரினா கேட்டாள்.

போகவில்லை. ஆமாம் என்று சொல்லிவிட்டால்?

லூர்தம்மாள் கையோடு கொண்டுவந்திருந்த ஆபீஸ் கீபோர்டை ஜெரினா வாங்கி, சாவிகளை ஒவ்வொன்றாகத் தட்டினாள். எல்லாம் வேலை செய்தது.

“பாத்தீங்களா, கோளாறு என்கிட்டதான்.”

“தோத்துப்போறதுல அவ்வளவு அவசரமாக்கா?”

ஓர் அட்டையில் நெடுக்கே இரண்டு செம்புக்கம்பி பதித்தாள். அவற்றைத் தொடாமல் குறுக்கே இரண்டு. கம்பிகள் கடக்கிற இடம் நாலு. மூன்றில் ஈயம் வைத்துப் பற்றவைத்தாள்.

தொட்டுப் பார்க்கச் சொன்னாள். லூர்தம்மாள் தடவினாள். மூன்று முனையில் ஈயக் குமிழ். நாலாவதில் ஒன்றுமில்லை.

அந்த நாலாவது முனையில் கடக்கிற இரண்டு கம்பிகளின் நுனியிலும் ஜெரினா மீட்டரை வைத்தாள். கம்பி ஒட்டியிருந்தால் மட்டும் கத்துகிற மீட்டர்.

கத்தியது.

“அங்க ஒட்டவே இல்லையே?”

“மத்த மூணு முனை வழியா சுத்தி வருது.”

கீபோர்டுக்குள்ளும் இதே கம்பி வலைதான் என்றாள். சில சாவிகளைச் சேர்த்து அழுத்தினால், அழுத்தாத ஒன்றும் அழுத்தியதுபோலவே தெரியும். எது நிஜம், எது பொய் என்று பிரிக்கத் தெரியாமல், கடைசியாக வந்த சாவியைக் கீபோர்டு கணக்கிலேயே எடுக்காது; ‘ர’ ‘ல’வாக விழுவது அப்படித்தான். நல்ல கீபோர்டில் சாவிக்கு ஒரு டயோடு இருக்கும். மின்சாரம் ஒரு பக்கம்தான் போகும், சுற்றுவழி கிடையாது.

லூர்தம்மாள் பொறுமையாகக் கேட்டாள். பிறகு மறுப்பாகத் தலையை ஆட்டினாள்.

“என்னைத் தேத்துறதுக்குச் சொல்றீங்க டீச்சர்.”

ஜெரினாவுக்குச் சுர்ரென்று ஏறியது. மீட்டரை மறுபடி வைத்தாள். அது விடாமல் கத்தியது.

“நாலாவது முனையைத் தொடுங்க. ஒட்டியிருக்கு.”

“இல்ல.”

“மீட்டர் கத்துதுல்ல? ஒட்டித்தான் இருக்கு. ஒத்துக்கோங்க.”

“நான் எதுக்கு ஒத்துக்கணும்? ஒரு முடி நுழையுற அளவுக்குச் சந்து இருக்கு. என் விரலுக்குத் தெரியாதா?”

சொல்லி முடித்த பிறகுதான், சொன்னது அவள் காதிலேயே விழுந்தது.

கையை எடுக்காமல் இன்னொரு முறை தடவினாள். இன்னொரு முறை.

ஜெரினா மீட்டரை அணைத்தாள். டயோடு வைத்த கீபோர்டு ஒன்றை எடுத்து அவள் பையில் போட்டாள்.

“கிளம்புங்கக்கா. மதியமாகுது.”